தாழ்வாரத் துளைக்குள் ஒரு கை

ஏணியின் உச்சியில் நின்றபடி, சற்றுமுன் நானே வெட்டிய துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே கும்மிருட்டு.

"இஞ்சேருங்கோ! ரோச்சை அடிக்கிறியளோ இல்லையோ?"

"அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்!" கூரைக்குள்ளிருந்து இவருடைய குரல் வந்தது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்த அத்தியாயம் ஒன்றே போதும்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. இந்தப் பக்கம் அடியுங்கோ!"

"அடிக்கிறன் எண்டு சொல்லுறனெல்லே!"

கூரை, சுவரைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா? அந்த நீட்டலின் அடியில் அடித்திருக்கும் பலகையை இங்கே சொஃபிட் என்பார்கள். அதிலே துளை வெட்டி, பூச்சி போகாமல் சல்லடை வைத்த தகட்டைப் பூட்டினால், வெளிக்காற்று கூரைக்குள்ளே போய்வரும். துளைக்கு மேலே வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இவரை ரோச் லைட்டோடு மேலே ஏற்றியிருந்தேன். வெளிச்சம் வந்தால் காற்றும் வரும். வெளிச்சம் வரவில்லை என்றால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண்.

ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு ஜினெட் நின்றார். என் மகளின் மாமியார், கனடாவின் கெபெக் மாகாணத்துக்காரி. அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்து, "என்ன, என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. துளைக்குள் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. குளிரைத் தடுக்கப் போட்ட பஞ்சாக்கும் என்று பிடித்து இழுத்தேன்.

வந்தது ஒரு கை.

"ஐயோ கடவுளே!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. ஏணி ஆடியது. ஜினெட் "மோன் தியூ!" என்று என் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். கைக்குள்ளே கை இல்லை. அது ஒரு குளிர்க் கோட்டின் கை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, எனக்குக் கூரையில் துளை போடக் கோட்டுப் புறப்பட்டது.

மேலே இவருடைய ரோச் லைட் பட்டென்று அணைந்த சத்தம் கேட்டது.

வெயில் எறிக்க வீடு ஒழுகியது

இந்தக் கூத்துக்கு விதை போட்டது அதற்கு முந்திய குளிர்காலத்தின் கடைசி. மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீடு சின்ன வீடு. ஒரே தட்டு, மேலே சரிந்த கூரை. ஒருநாள் நல்ல வெயில். மழையும் இல்லை, பனியும் கொட்டவில்லை. ஆனால் பின்னறையின் சீலிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது! கட்டிலில் விழுந்தது, அலுமாரியில் விழுந்தது. சட்டியை வைத்தால் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

கூரைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வெளியே ஏறிப் பார்த்தார், பிறகு சீலிங்கிலிருந்த சின்னக் கதவைத் தள்ளி, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள அட்டிக்குக்குள்ளும் ஏறினார். "கூரை நல்லாத்தான் இருக்கு மதாம். அதுக்கு மூச்சுத்தான் இல்லை" என்றார். என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

ஏறினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. கூரைப் பலகைக்குள்ளால் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஆணி நுனி ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று உறைபனி, கற்கண்டு கட்டியதுபோல. நான் புட்டு அவித்த ஆவி, சோறு வடித்த ஆவி, இவர் வாளி வாளியாகச் சுடுதண்ணீரில் குளித்த ஆவி, எல்லாம் மேலே போய், வெளியேறாமல் அங்கேயே உறைந்து கிடந்தது. வெயில் எறித்ததும் உருகி எங்கள் தலையில் விழுந்தது. கூரை உச்சியில் காற்று வெளியேற வழி இருந்தது. ஆனால் அந்த ஆவியைத் தள்ளிக்கொண்டு போகக் கீழே விளிம்பில் புதுக்காற்று உள்ளே வர வழியில்லை.

சொஃபிட்டில் துளை போட வேண்டும், ஆனால் தனக்கு அடுத்த வருஷம்வரை நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குள் பின்னறையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சீலிங்கின் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஒரு ஊத்தை மணம். நாங்கள் ப்ளீச் போட்டுத் துடைத்தோம், திரும்ப வந்தது. பாவிக்காத அறைதானே என்று இவர் கதவைச் சாத்திவிட்டார். நானும் கொஞ்ச நாள் மறந்துவிட்டேன்.

கோடையில் மகள் தாரணி வந்து, தான் அம்மாவாகப் போகிற செய்தியைச் சொன்னாள். தைப்பொங்கலை ஒட்டிப் பிள்ளை. நான் துள்ளிக் குதித்தேன். குதித்து முடிக்க முதல் பத்தியச் சரக்கு எது, எண்ணெய் எது என்று மனதுக்குள் கணக்குப் போட்டாயிற்று. தாயும் பிள்ளையும் முப்பத்தொன்று, அதாவது பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், கழியும்வரை தாய்வீட்டில் இருப்பதுதான் எங்கள் வழக்கம். இருக்கிற அறை அந்தப் பின்னறை ஒன்றுதான்.

தாரணி அறைக் கதவைத் திறந்தாள், மூக்கைப் பொத்தினாள், மூடினாள்.

"அம்மா, ஸொரி. இதுக்குள்ளை பேபியைக் கொண்டுவர ஏலாது. மத்தியூன்ரை அம்மா லோங்குவேயிலை ஒரு அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு வைச்சிருக்கிறா. நாங்கள் அங்கை போறம்."

மத்தியூ என் மருமகன், தங்கமான பெடியன். அவனில் குறையில்லை. ஆனால் அந்த மஞ்சள் அறையை நினைக்க நினைக்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் பிள்ளை பெற்ற உடம்போடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடப்பாள், நான் சரக்குக் கறியைப் போத்தலில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவேனோ? செத்தாலும் விடமாட்டேன் என்று தீர்மானித்தேன். கூரைக்கு மூச்சு வேண்டுமென்றால் நானே கொடுக்கிறேன்! செயின்ட்-லோரன்ட்டில் நான் வேலை செய்கிற மருந்து பாக்டரியில் மெஷின் நின்றால் மெக்கானிக் வருமுன் ஸ்பானரைத் தூக்குகிறவள் நான். ஒரு பலகையில் துளை போட எனக்குத் தெரியாதோ?

குளிரோடு இவருடைய யுத்தம்

இங்கே இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் இவர் மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இறக்கினார். ஆற்றுக் காற்று எலும்புக்குள் போகும் இடம் அது. அன்றைக்குத் தொடங்கிய பகை. வீட்டில் ஒரு ஊசித் துவாரம் கண்டாலும் அடைக்காமல் சாப்பிட மாட்டார். ஐப்பசி வந்தால் ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் உறை, கதவடியிலெல்லாம் துவாய். ஒரு வருஷம் தபால் போடுகிற துவாரத்துக்கும் ஒட்டுநாடா ஒட்டிவிட்டார். தபால்காரி மணியடித்து, "முசியூ, நான் கடிதத்தை எங்கே போடுவது?" என்று கேட்டாள். "கோடையிலை போடச் சொல்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிசனிடம் போய்க் கூரையில் துளை வெட்டப் போகிறேன் என்று சொன்னால்?

"உமக்கு விசரே? அவனவன் குளிரை அடைக்கிறான். நீர் ஓட்டை போட்டு உள்ளை வா எண்டு கூப்பிடப் போறீரோ?"

"குளிர் அட்டிக்குக்குத்தான் போகுது. எங்களுக்கில்லை. நடுவிலை பஞ்சு கிடக்கெல்லே."

"பஞ்சும் மண்ணாங்கட்டியும்!"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரோடு வாயாடி என்ன பயன்? நான் கடைக்குப் போய்த் தகடுகளை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் அடுக்கினேன். இவர் அவற்றுக்கு மேலே பேப்பரை விரித்துப் படித்தார்.

ஏணியோடு வந்த சம்பந்தி

இலையெல்லாம் கொட்டுகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காரின் தலையில் ஏணி. உள்ளேயிருந்து இறங்கியவர் ஜினெட். ஒரு கையில் மின்வாள், மறு கையில் ஒரு பெட்டி டோனட். மத்தியூதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் அறைக்காரியே வந்து நிற்கிறாரே! வேவு பார்க்க வந்தாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். தேத்தண்ணி கொடுத்து, என் பாக்டரிப் பிரெஞ்சில் நேரே கேட்டுவிட்டேன். "இந்த அறை சரிவந்தால் பிள்ளை இங்கே வந்துவிடும். நீங்கள் ஏன் உதவுகிறீர்கள்?"

ஜினெட் டோனட்டை வைத்துவிட்டு, எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். மத்தியூ பிறந்தபோது அவருடைய அம்மா தூரத்து வடக்கில், பாதையெல்லாம் பனி மூடி வரமுடியாமல் இருந்தாராம். மாமியார்தான் பார்த்தாராம். "மாமியார் நல்லவர். ஆனால் அந்த மாதம் முழுக்க நான் குளியலறைக்குள் போய் அழுதேன். பெண்ணுக்கு அந்த நேரத்தில் தன் அம்மாதான் வேண்டும்."

பிறகு, "மஞ்சள் அறை எங்கேயும் ஓடிப்போகாது. முப்பத்தொன்று முடிய எனக்குத் தாருங்கள்" என்று சிரித்தார். முப்பத்தொன்றைப் பற்றித் தாரணி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் எழும்பிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்தக் கணமே எங்கள் கட்சியில் இரண்டு பேர்.

வேலை தொடங்கியது. பலகையில் பென்சிலால் கோடு போட்டேன். இவர் வாசலில் நின்று, "உந்த இடம் வேண்டாம்" என்றார். சரி என்று பக்கத்தில் கோடு போட்டேன். "உதுவும் வேண்டாம், பின்பக்கம் போங்கோ." பின்பக்கம் போனோம். "இஞ்சை கைமரம் வருது, வெட்டாதையுங்கோ." கூரையைத் தாங்குகிற கைமரம் எங்கே வருகிறதென்று பலகையில் தட்டிப் பார்த்தே ஜினெட் கண்டுபிடித்துவிட்டார். இவர் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை. குளிருக்குப் பயந்துதான் மனிசன் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ரோச்சைக் கையில் கொடுத்து மேலே ஏற்றிவிட்டு, மின்வாளை அழுத்தினேன். மரத்தூள் தலையெல்லாம் கொட்டியது, மனதுக்குள் ஒரே குதூகலம்!

அதற்குப் பிறகுதான் அந்தக் கை வந்தது.

விமான நிலையக் கோட்டுகள்

"கீழை இறங்குங்கோ" என்றேன். என் குரல் அப்படி இருந்தது. இவர் மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தார், தலைமுடியெல்லாம் பஞ்சு.

"உது என்ன?"

"கோட்டு."

"கோட்டு எண்டு எனக்கும் தெரியுது. கூரை விளிம்புக்குள்ளை என்னெண்டு போனது?"

மற்றவர்களுக்கு இது விளங்காது. எங்கள் சனத்துக்கு விளங்கும். அந்த நாளில் ஊரிலிருந்து ஒருவர் வந்து இறங்குகிறார் என்றால், கூட்டிவரப் போகிறவர் ஒரு குளிர்க் கோட்டோடுதான் விமான நிலையத்துக்குப் போவார். மெல்லிய சட்டையோடு வந்து இறங்குகிற சனம், வெளிக்கதவு திறந்ததும் விறைத்துப் போய்விடும். கோட்டைப் போட்டு மூடித்தான் காருக்குக் கூட்டிவருவோம். அவருக்கு வேலை கிடைத்துப் புதுக் கோட்டு வாங்கியதும் பழையது திரும்பி வரும், அடுத்து வருகிறவருக்கு. "கோட்டு வேணுமெண்டால் அண்ணை வீட்டை போ" என்பார்கள். அந்த அண்ணை இவர்தான். ஆண் கோட்டு, பெண் கோட்டு, கைக்குழந்தைக் கோட்டு என்று எங்கள் வீட்டில் இல்லாத அளவே இல்லை.

பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். கோட்டுகள் நிறைந்தன. ஒருநாள் நான் கத்தின கத்தில், "எல்லாத்தையும் குடுத்திட்டன்" என்று இவர் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

"குடுக்கேல்லையோ?"

இவர் நிலத்தைப் பார்த்தார். "ஆராவது வந்தால் தேவைப்படுமெல்லே. அட்டிக்கிலை வைச்சனான். பேந்து பாத்தால், விளிம்பு இடுக்கெல்லாத்தாலையும் குளிர் வருது. பஞ்சுக்குக் கீழாலை தடியாலை தள்ளித் தள்ளி அடைச்சுவிட்டன். ஒரே கல்லிலை ரெண்டு மாங்காய்."

"சுத்திவரவோ?"

"ஓம். சுத்திவர."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் அடைத்த அடையில்தான் மேலே பூஞ்சணம், கீழே ஒழுக்கு, லோங்குவேயில் மஞ்சள் அறை! ஜினெட்டுக்கு நான் விஷயத்தைச் சொல்ல, அவர் முதலில் வாயைப் பிளந்தார். அடுத்த கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு. அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட வேண்டிய நேரத்தில் சிரித்தால் பிறகு எங்கே திட்டுவது?

இவர் மேலிருந்து பை பையாகத் தள்ளினார், நாங்கள் கீழே வாங்கினோம். முற்றம் முழுக்கக் கோட்டு. பக்கத்து வீட்டு ஹெய்ட்டிக்கார மதாம் வேலிக்கு மேலால் பார்த்து, நாங்கள் கடை போடுகிறோமோ என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், தங்கள் தேவாலயத்துக்குப் புதிதாக நிறையக் குடும்பங்கள் வந்திருக்கின்றன, இப்போதே தாருங்கள் என்று காரைத் திறந்துவிட்டார்.

தம்பியின் கோட்டு

எல்லாம் ஏறியது, ஒன்றைத் தவிர. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த கருநீலக் கோட்டு, கழுத்தில் கடை லேபல் தொங்கியபடி, ஒருநாளும் உடுத்தாதது. அதை இவர் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இது புதுசு!" என்றார் ஜினெட். "யாருக்கு?"

"அவருடைய தம்பிக்கு" என்றேன் நான்.

"அவர் எப்போது வருகிறார்?"

தம்பி குகனைக் கனடாவுக்குக் கூப்பிட இவர் ஸ்பொன்சர் போட்டு, அரசாங்கம் மறுத்து, திரும்பப் போட்டு, திரும்ப மறுத்து, காலம் போய்விட்டது. குகன் ஊரிலேயே கலியாணம் கட்டி, கடை போட்டு, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். முதல்தடவை பேப்பர் போட்ட கிழமை இவர் ஆசையாக வாங்கிய கோட்டு இது.

"இதைக் குடுத்தால் அவன் வரமாட்டான் எண்டு நானே முடிவெடுத்த மாதிரி" என்று மெல்லச் சொன்னார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

என்ன நினைத்தாரோ, போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். வீடியோவில் குகன் மேல்சட்டையில்லாமல், மின்விசிறிக்கு முன்னால் இருந்தார். இவர் கோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணை, உது இன்னும் கிடக்கோ?" குகன் விழுந்து விழுந்து சிரித்தார். தன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். "இது உதுக்குள்ளை போகுமோ? ஃபானைப் போட்டும் எனக்கு வேர்வை வழியுது. குளிருக்குள்ளை வா எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள், நான் எப்ப ஆசைப்பட்டனான்? பேரப்பிள்ளையைப் பாக்கச் சம்மருக்கு வாறன். அந்தக் கோட்டை ஆர் வருகினமோ அவைக்குக் குடுங்கோ."

இவர் போனை வைத்தார். பிறகு சிரித்தார், கண்ணையும் துடைத்தார். ஆனால் கோட்டைக் காரில் ஏற்றவில்லை. அலுமாரிக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

திரும்பி வந்தவர் தானாகவே அட்டிக்கில் ஏறினார். நான் ஏணியில் ஏறித் துளைக்குள் கண்ணை வைத்தேன். பளிச்சென்று வெளிச்சம் கண்ணில் அடித்தது!

"தெரியுது! தெரியுது!" என்று நான் கத்த, கீழே ஜினெட்டும் என்னவென்று தெரியாமலே கத்தினார்.

"காத்து வருது!" மேலேயிருந்து இவர். "கை வைச்சுப் பாத்தனான், ஜில்லெண்டு வருது!" குளிர்க் காற்றைப் பற்றி இவர் சந்தோஷமாகச் சொன்னதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

பஞ்சு திரும்பவும் சரிந்து வழியை மூடாமல் கைமரங்களுக்கு நடுவே நுரைத் தட்டுகளை இவரே செருகினார். வீட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை வெட்டித் தகடு பூட்டி முடிய இருட்டிவிட்டது. அடுத்தடுத்த கிழமைகளில் மத்தியூ பழுதான சீலிங்கைக் கழற்றிப் புதிது போட்டான்.

தை

மூக்கும் காதும் விறைக்கிற குளிர் வந்தது. அதன் பின்னால் வெயிலும் வந்தது. போன வருஷம் ஒழுகியதும் இப்படியொரு நாளில்தான். நான் சீலிங்கைப் பார்த்தபடி கைகூப்பிக்கொண்டு நின்றேன். இவர் மேலே ஏறினார். சத்தமே இல்லை.

"காய்ஞ்சு கிடக்கு! ஆணியெல்லாம் வடிவாக் காய்ஞ்சு கிடக்கு!"

தாரணி நிறைமாத வயிற்றோடு வந்து, அறையின் நடுவில் நின்று, பொலிஸ் நாய் மாதிரி மோந்து மோந்து பார்த்தாள்.

"பெயின்ட் மணம்தான் வருது."

"அப்ப?"

"அப்ப என்ன? சரக்கெல்லாம் வாங்கி வைச்சிட்டியளோ?"

நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவள், "அம்மா, ஏணியிலிருந்து விழாமல் இதிலை விழப்போறீங்கள்" என்றாள்.

பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு வருகிற நாள், வெளியே துப்பினால் உறையும் குளிர். நான் அறையைக் கூட்டி, சாமிக்கு விளக்கேற்றி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னமே இவர் அங்கே வந்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் விமான நிலையத்தில் நிற்கிற அதே நிலை. கையில் மடித்தபடி அந்தக் கருநீலக் கோட்டு.

மத்தியூ பிள்ளையைக் கைப்பிடி வைத்த கார் இருக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். இவர் ஓடிப்போய், கோட்டை விரித்து, இருக்கையின் பிடிக்கு மேலால் கூடாரம்போலப் போட்டு மூடினார்.

"அப்பா, இது உங்கடை கோட்டில்லையே? ஆரின்ரை?" என்றாள் தாரணி.

கழுத்தில் அந்த லேபல் இன்னும் தொங்கியது. இவர் குனிந்து, அதன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வாற ஆளுக்கெண்டு எடுத்து வைச்சது" என்றார். "வந்தாச்சு."